ஒரு மாலைப் பொழுதும் ஒரு மைக்கும் தாருங்கள்

மட்டக்களப்பில் கலாசார விழாக்களை நடத்துகிற, மண்டபங்களுக்கு அனுமதி வழங்குகிற மதிப்புக்குரிய பெரியவர்களுக்கு,

வணக்கம். போன மாத விழாவில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நிகழ்ச்சி நிரலில் அச்சடித்திருந்த எங்கள் சொல்லிசை, அதாவது தமிழ் ராப், மேடைக்கு வரவில்லை. நேரம் போதாது என்று முதலில் சொன்னீர்கள். அப்புறம், "ராப் எங்கட கலாசாரம் இல்லை" என்றீர்கள். மலேசியாவின் யோகி பி குழு வெளியிட்ட 'வல்லவன்' என்ற தமிழ் ராப் இசைத்தொகுப்பு வந்து 20 ஆண்டு ஆவதையொட்டி ஒரு மாலைக்கு மண்டபம் கேட்டு நாங்கள் கொடுத்த கடிதத்துக்கும் அதே பதில்தான் கிடைத்தது. அதுவும் வாய்ப்பேச்சாக. அதனால்தான் எல்லோரும் பார்க்க இதை எழுதுகிறேன்.

ஒரு தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மட்டக்களப்புக்கு வடக்கே, வாகரைப் பக்கம். வயது பதினெட்டு. தகப்பன் கடலுக்குப் போகிறவர். அன்று பின்னேரம் மூன்று மணிக்கே வந்துவிட்டான். கொப்பியில் கிழித்த தாள் ஒன்றை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். வரிகள் எல்லாம் மனப்பாடம்தான். ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தாளை எடுத்துப் பார்ப்பான். 2006 கடைசியில் சண்டைக்குள் வாகரையை விட்டு அவன் தாய் காட்டு வழியாக நடந்து வந்ததைப் பற்றிய பாட்டு அது. அவன் பிறப்பதற்கு முன் நடந்த கதை. தாய் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறான். மேடைக்குப் பின்னால் நின்ற ஆறு மணித்தியாலத்தில் வேர்வை பட்டு, மடிப்பு நெடுக நீல மை கரைந்துவிட்டது. மத்தளம் அடிக்க வந்த பெரியவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் அவன்தான்.

ஒன்பதரைக்குப் பரிசளிப்புத் தொடங்கிவிட்டது. அவனுக்குக் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. என் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டேன், வரவில்லை. பஸ் நிலைய வாங்கில் இருந்து விடியக்காலை முதல் பஸ் பிடித்துப் போனான். போகும்போது, "பரவாயில்லை அண்ணன்" என்றான். அந்தப் பரவாயில்லையை என்னால் இன்னும் செமிக்க முடியவில்லை.

இந்த இசை எங்களுக்கு என்ன என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். 2006இல் எனக்குப் பதினாறு வயது. போர் நடந்த, பொழுது பட்டால் ஒழுங்கையில் ஒருவரும் நடமாடாத காலம். மலேசியாவுக்கு வேலைக்குப் போன உறவுக்காரர் ஒருவர் பதிந்து அனுப்பிய சீடியில் நீலப் பேனையால் 'வல்லவன்' என்று எழுதியிருந்தது. யோகி பி, டாக்டர் பேர்ன், எம்சி ஜெஸ் என்ற மூன்று மலேசியத் தமிழர்கள். சினிமாவில் வராத தமிழ்ப் பாட்டு, கோயில் பாட்டும் இல்லை, இயக்கப் பாட்டும் இல்லை. கதாநாயகனுக்காக இன்னொருவர் எழுதிக் கொடுத்த வரிகள் இல்லை. தங்கள் வாயால், தங்கள் ஊர்த் தமிழில், தாங்களே எழுதிச் சொன்னது. சென்னைக்கு வெளியே இருக்கிற தமிழும் இவ்வளவு நிமிர்ந்து பேசலாம் என்று எங்களுக்குக் காட்டியது அந்த சீடிதான்.

அப்பாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. "என்ன மனே, இது பாட்டா சண்டையா?" என்று ஏசிக்கொண்டே உள்ளே வந்தார். அப்போது ஓடியது 'மடை திறந்து'. 1980இல் 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டின் மேல் கட்டிய பாட்டு. மெட்டு காதில் விழுந்ததும் ஏச்சை நிறுத்திவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். பாட்டு முடிந்ததும், "இன்னொருக்காப் போடு" என்றார். எனக்கும் அவருக்கும் பேச்சே குறைந்துபோயிருந்த நாட்கள் அவை. அன்று இரவு சாப்பிடும்வரை பழைய பாட்டுகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். அப்பா இப்போது இல்லை. அந்த சீடி கீறல் விழுந்து ஓடாமல் போய்விட்டது, ஆனாலும் எறிய மனமில்லாமல் வைத்திருக்கிறேன்.

எங்கட கலாசாரம் இல்லை என்கிறீர்களே, கண்ணகி அம்மனுக்காக ஊர் இரண்டு அணியாகப் பிரிந்து கொம்பு இழுக்கிற கொம்புமுறியை நினைத்துப் பாருங்கள். வடசேரி ஒரு பக்கம், தென்சேரி ஒரு பக்கம். ஒரு சேரி மறு சேரியை வசைக்கவி பாடி மட்டம் தட்டும். எதுகை பிடித்து, மோனை பிடித்து, எதிராளி வாயடைத்துப் போகிற மாதிரிப் பாட வேண்டும். இன்று ராப் பாடுகிறவர்கள் எதிரெதிரே நின்று செய்வதும் இதைத்தானே? கூத்து ஆடுகிற களரியில் மத்தளத்தின் தாளக்கட்டுக்குள் சொல்லை அடுக்கி நிறுத்துகிற கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கு இந்தப் பெடியன்கள் செய்வது அந்நியமாகத் தெரியாது. அன்று மேடைக்குப் பின்னால் அந்தத் தம்பி பாடிப் பார்த்தபோது, மத்தளக்காரர் ஒருவர் விரலால் தொடையில் தாளம் போட்டதை நான் பார்த்தேன்.

அந்தக் கூத்தையே நாட்டுப்புறத்தான் ஆட்டம் என்று படித்தவர்கள் ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். அந்த மேடையில் மட்டக்களப்பு மாணவர்கள் ஆடினார்கள். அதைச் சொல்லி நாம் எல்லோரும் பெருமைப்படுகிறோம். அன்று அவரிடமும் யாரோ நேரம் போதாது என்று சொல்லியிருந்தால்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அதே விழாவில், அதே மேடையில், சிறுவர்கள் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். அதன் நடுவில் ராப் வருகிறது. முன்வரிசையில் இருந்து கை தட்டினீர்கள். 'பொல்லாதவன்', 'ஆடுகளம்' என்று படங்களில் யோகி பியின் குரல் வந்தபோதும் ஒருவரும் கலாசாரம் பேசவில்லை. சினிமா கொண்டுவந்தால் சரி, வாகரைப் பெடியன் தன் தாயின் கதையைத் தானே எழுதிக் கொண்டுவந்தால் சரியில்லை என்பது என்ன நியாயம்?

எந்த மேடையில் ஏறினாலும் இளைஞர் போதைக்குப் போகிறார்கள், போனுக்குள் கிடக்கிறார்கள் என்கிறீர்கள். தமிழை மறந்துவிட்டார்களாம். தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கே வந்த ஆறு பேரை நீங்கள் திருப்பி அனுப்பினீர்கள். அவர்களில் இரண்டு பேர் இனி எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்களை நான் எப்படித் திரும்பக் கூட்டி வருவேன்? ஊரில் ஒரு ஒலிப்பதிவு அறைக்குக் காசு கட்டக்கூட வழியில்லாமல், போர்வையைத் தலைக்கு மேல் மூடிக்கொண்டு போனில் பாட்டுப் பதிகிற பிள்ளைகள் அவர்கள்.

கோபத்தில் எழுதிக்கொண்டே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது சின்ன விஷயம். இந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு மாலை மண்டபத்தைத் தாருங்கள். வாடகையை நாங்கள் சேர்த்துக் கட்டுகிறோம். பாடப் போகிற வரிகள் முழுவதையும் முன்கூட்டியே உங்களிடம் தருகிறோம், வாசித்துப் பாருங்கள். ஒத்துக்கொண்ட நிகழ்ச்சியைக் கடைசி நேரத்தில் வெட்ட மாட்டோம் என்று எழுத்தில் தாருங்கள். முடியாது என்றால் அந்தக் காரணத்தையும் எழுத்தில் தாருங்கள். ஒரு மாலை, ஒரு மைக், அவ்வளவுதான்.

தயவுசெய்து மாலை நான்கு மணிக்கே தொடங்க அனுமதியுங்கள். வாகரைத் தம்பியை முதலாவதாகப் பாட விட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன் அவனை அனுப்பி வைக்க வேண்டும்.

பணிவுடன்,
'வல்லவன்' கேட்டு வளர்ந்த ஒருவன்
கல்லடி, மட்டக்களப்பு