பினாங்கில் நம் பென்சில் ஓவிய வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கைப்பேசிப் படத்தைப் பார்த்து வரைவதை விட்டுவிட்டு, பொருளையே முன்னால் வைத்து வரைவது என்று சென்ற ஆண்டுக் கூட்டத்தில் முடிவெடுத்தோம். மாதம் ஒரு ஞாயிறு காலை அப்படியே கூடினோம். மழையால் இரண்டு மாதம் தவறியது.

முதலில் அன்னாசிப்பழம். நேராகக் கட்டம் போட்டு ஆரம்பித்தோம்; கூடை மாதிரி வந்தது. மூத்த அக்கா ஒருவர், "முதல்ல எண்ணுங்க, அப்புறம் வரைங்க" என்றார். எண்ணினோம். ஒரு பக்கம் சாய்ந்த வரிசைகள் 8, எதிர்ப்பக்கம் 13. அன்னாசியின் ஒவ்வொரு கண்ணும் முன்பு தனிப் பூவாக இருந்தது. முந்தையதிலிருந்து ஏறத்தாழ 137.5 பாகை தள்ளி அடுத்தது முளைப்பதால்தான் இந்தச் சுருள் வரிசை. இரண்டு சாய்வுகளையும் எச்.பி. பென்சிலால் மெல்லிசாக இட்டதும் கண்கள் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. புள்ளிக்கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபட்டது. அந்தக் கைப்பழக்கத்தை அவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

தீவின் மேற்குப் பக்கப் பழத்தோட்ட ஊரான பாலிக் புலாவில் பழக் காலம் வந்தபோது மங்குஸ்தீன் வாங்கினோம். அடியில் பூப்போல இருக்கும் குறியில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. குறியை வரைந்து, சுளைகளையும் ஊகித்து வரைந்து, பிறகு பிளந்து பார்த்தோம். பிள்ளைகள் அன்று வீட்டுக்குக் கிளம்பவே மறுத்தார்கள்.

1884இல் தொடங்கிய நம் தாவரவியல் பூங்காவில் நாகலிங்க மரத்தடியில் உட்கார்ந்த காலைதான் என் மனதில் நிற்கிறது. பூ இலைகளுக்கு நடுவே பூக்காமல், அடிமரத்திலிருந்து தொங்கும் காம்புகளில் பூக்கிறது. நடுவிலுள்ள லிங்கத்தின்மேல் மகரந்தத் தாள்கள் படம் விரித்தாற்போல் கவிந்திருக்கும். அந்தக் கவிழ்ப்பின் உள்நிழலுக்கு, மென்மையும் கருமையும் மிகுந்த 6பி பென்சிலே வேண்டியிருந்தது. முந்தின இரவு மழை. காகிதம் ஈரம் இழுத்து, ரப்பர் பட்ட இடமெல்லாம் உரிந்தது. அழிக்காமலே வரைய அன்றுதான் பலரும் கற்றோம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தாவில் பெரும்பகுதி காகிதத்துக்கே போனது.

அடுத்த ஆண்டு கோலாலம்பூர் அருகிலுள்ள கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போகலாம் என்று செயலவை கருதுகிறது. அங்குள்ள கபூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையில் வானம் ஓடைபோலத் தெரியும். இலைகளை நிழலிட்டு, அந்த ஓடையை வெறும் காகிதமாகவே விட வேண்டும். வர விரும்புவோர் இன்றே பெயர் கொடுங்கள்.

செயலாளர்