சிட்டி கோல்ஃபைத் தாழ்த்துவது பற்றி சிவாவுக்கு

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறாள். சின்னவள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் டீச்சர் வேலையில் சேர்ந்துவிட்டாள், வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுகிறாள். லெனேசியாவில் உங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, தங்கச்சியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, இரண்டையும் அடுத்த கடிதத்தில் எழுது. சரி, உன் பையன் குமரன் தன் சிட்டி கோல்ஃப் காருக்குக் குட்டை ஸ்பிரிங் மாட்டி உயரத்தைத் தாழ்த்தப்போகிறான் என்று எழுதியிருந்தாயே, அதற்கு வருகிறேன்.

முதலில் ஒன்று, அவனைத் திட்டாதே. சிட்டி கோல்ஃப் வாங்கிய பையனுக்கு அதைத் தாழ்த்த வேண்டும் என்று தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம். 1984-ல் ஃபோக்ஸ்வேகன் கம்பெனி நம் தென்னாப்பிரிக்காவில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று நிறத்தில் இறக்கிய வண்டி, 2009 வரைக்கும் யூட்டன்ஹேகில் (இப்போது கரியேகா என்கிறார்கள்) வந்துகொண்டே இருந்தது. அது முதல் தலைமுறை கோல்ஃப்தான், ஐரோப்பாவில் அதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள், நாம் மட்டும் கால் நூற்றாண்டு அதையே ஓட்டினோம். ஃபீனிக்ஸிலும் இங்கேயும் உங்கள் பக்கத்திலும் அந்த வண்டியில் ஓட்டக் கற்றுக்கொள்ளாத குடும்பம் குறைவு. அந்தச் சின்னப் பெட்டி உடம்பு கொஞ்சம் கீழே இறங்கி, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒடுங்கி நின்றால் அழகாகத்தான் இருக்கிறது, எனக்கும் பிடிக்கும். ஆசையில் தப்பில்லை.

ஆனால் 60 மில்லிமீட்டர் ஸ்பிரிங் மட்டும் வாங்கி இருக்கிற பழைய ஷாக்கிலேயே (ஷாக் அப்சார்பரிலேயே) மாட்டப்போகிறான் என்று எழுதியிருக்கிறாயே, அதை நிறுத்து. வாங்கியாகிவிட்டது என்றால் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்கச் சொல்.

ஏன் என்று அவனுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மாமாவுக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வான். எல்லோரும் வண்டி எவ்வளவு இறங்கியது என்றுதான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது இறங்கிய பிறகு சக்கரம் மேலே ஏறுவதற்கு எவ்வளவு இடம் மிச்சம் என்பதை. கம்பெனி வண்டியில் சக்கரம் மேலே வந்து, அதற்கு மேல் ஏறாமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பரைத் தொடுவதற்கு முன்னால் பேச்சுக்கு 80 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள். 60 இறக்கினால் மிச்சம் 20. பின்னால் நீயும் தங்கச்சியும் உட்கார்ந்து டிக்கியில் இரண்டு பெட்டியும் ஏற்றினால் அந்த 20-ம் நின்ற இடத்திலேயே போய்விடும், அப்புறம் வண்டி ஸ்பிரிங்கில் ஓடாது, ரப்பரில்தான் ஓடும். ரப்பரில் முட்டிய உடனே அந்தச் சக்கரம் கல் மாதிரி இறுகிவிடுகிறது. நேர் ரோட்டில் முதுகு வலிக்கும், அவ்வளவுதான். வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஒரு மேட்டில் ஏறி முட்டினால் டயரின் பிடி திடீரென்று விட்டுப்போகும், முன்பக்கம் முட்டினால் வண்டி வெளியே இழுக்கும், பின்பக்கம் என்றால் வால் சுற்றும். வான் ரீனன் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இறங்கும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் அந்த வண்டியில்தான் உங்களை இங்கே அழைத்து வரப்போகிறான்.

அதனால்தான் நல்ல கம்பெனிகள் தாழ்த்தும் ஸ்பிரிங்கைக் குட்டையாக மட்டும் செய்வதில்லை, கொஞ்சம் கெட்டியாகவும் செய்கின்றன, குறைந்த இடத்துக்குள்ளேயே அடியை வாங்கிக்கொள்ள வேண்டும் அல்லவா. சில ஸ்பிரிங்கில் சுற்றுகள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் விலகியும் இருக்கும், அமுங்க அமுங்க இறுகும் வகை அது. ஸ்பிரிங் கெட்டியானால் அமுங்கியதும் திருப்பி உதைக்கும் விசையும் கூடும். அந்த உதையை அடக்குவது ஷாக்கின் வேலை, உள்ளே எண்ணெய் சின்ன ஓட்டைகள் வழியாகப் போய் வந்து ஆட்டத்தைச் சூடாக மாற்றிக் கரைக்கிறது. மெத்தென்ற ஸ்பிரிங்குக்கு என்று செய்த பழைய ஷாக், அதுவும் வருஷக்கணக்காக ஓடித் தேய்ந்தது, இந்தப் புது உதையைத் தாங்காது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி இரண்டு மூன்று தடவை குதிக்கும். அதோடு ஷாக்கின் தண்டு எப்போதும் பாதிக்கும் மேல் உள்ளே போன நிலையிலேயே வேலை செய்யும், சீக்கிரம் எண்ணெய் கசிய ஆரம்பித்துவிடும். தாழ்த்திய வண்டிக்கு என்றே உடல் குட்டையான ஷாக் வருகிறது. பில்ஸ்டீன் கம்பெனி ஷாக்கில் பி6 வழக்கமான உயரத்துக்கு, பி8 தாழ்த்திய வண்டிக்கு. கோனி கம்பெனியின் மஞ்சள் ஷாக்கில் திருப்பி உதைப்பதை நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். விலை கடிக்கும், தெரியும். பணம் சேரும்வரை காத்திருந்து ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒன்றாக மாட்டட்டும், அதுவரை வண்டி உயரமாகவே நிற்கட்டும். இறக்குவது 40 மில்லிமீட்டர் போதும்.

60-ல் இன்னொரு தொல்லை இருக்கிறது. வண்டி தாழ்ந்தால் வளைவில் சாய்வது குறையும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். சிட்டி கோல்ஃபுக்கு முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு. சக்கரத்தின் அடிப்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை படுக்கை மட்டத்துக்கும் கீழே இறங்கி சக்கரப் பக்கம் மேல்நோக்கிப் போய்விட்டால், வண்டி சாய்வதற்கு ஆதாரமான புள்ளி வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடுகிறது. இரண்டுக்கும் நடுவே தூரம் கூடும், அப்போது வண்டியைச் சாய்க்கிற நெம்புகோல் நீளமாகிறது. அளவுக்கு மீறி இறக்கிய வண்டி, அதே ஸ்பிரிங்கில், முன்பைவிட அதிகமாகச் சாய முயலும். குனிந்து அந்தக் கையைப் பார்த்தாலே தெரியும், வண்டி தரையில் நிற்கும்போது அது கிட்டத்தட்ட படுக்கையாக இருந்தால் போதும் என்று விட்டுவிட வேண்டும்.

ஸ்பிரிங்கை அறுப்பதைப் பற்றி அவன் நண்பன் ஏதோ சொன்னான் என்று எழுதியிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். வேலை செய்கிற ஆறு சுற்றில் ஒன்றை அறுத்தால் ஸ்பிரிங் 20 சதவீதம் கெட்டியாகும், அது உண்மைதான், அதை வைத்துத்தான் அந்தப் பையன்கள் வாதாடுகிறார்கள். ஆனால் ஜாக்கியில் தூக்கினாலோ சக்கரம் பள்ளத்தில் தொங்கினாலோ அந்தக் குட்டை ஸ்பிரிங் தன் தட்டில் உட்காராமல் ஆடும், திரும்ப இறங்கும்போது நேராக உட்காரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இங்கே நான் பார்த்த ஒரு வண்டியில் அது கோணலாக உட்கார்ந்து டயரின் உள்பக்கத்தைக் கிழித்திருந்தது. காஸ் வைத்துச் சூடாக்கி இறக்குவது இன்னும் மோசம், எஃகின் பதமே போய்விடும். ஆலையில் எத்தனை வருஷம் இரும்போடு வேலை பார்த்தவன் நான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாட்டுகிற வேலையை வீட்டிலேயே செய்கிறேன் என்றால் செய்யட்டும், கற்றுக்கொள்ள நல்ல வேலை. ஆனால் அழுத்திப் பிடித்த ஸ்பிரிங் விட்டால் ஆளையே கொல்லும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்பிரஸர் இரண்டையும் எதிரெதிரே பூட்டி, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும், முகத்தை அதன் நேருக்கு வைக்கவே கூடாது. இந்த வண்டியில் பின்பக்கமும் ஸ்பிரிங் ஷாக்கைச் சுற்றித்தான் இருக்கிறது, அதனால் பின்னாலும் கம்பிரஸர் வேண்டும். ஷாக் தண்டின் பளபளப்பான பாகத்தைப் பிளையரால் பிடித்து நட்டைக் கழற்றும் வழக்கம் நம் ஊரில் உண்டு, அப்படிக் கீறிவிட்டால் புது ஷாக்கின் சீல் சில மாதத்தில் போய்விடும். டாப் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் எல்லாம் புதிதாகவே போடட்டும், திரும்பப் பிரிப்பதைவிட மலிவு. அப்புறம் கீழ்க் கையின் ரப்பர் புஷ்களைப் பிடிக்கும் நட்டுகள். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது அவற்றைக் கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. நான்கு சக்கரமும் தரையில் நின்று எடை ஏறிய பிறகுதான் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

முடிந்ததும் நேராக அலைன்மென்ட். தாழ்த்தினால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாயும் (அந்தச் சாய்வுதான் கேம்பர்), அதைவிட டோ, அதாவது சக்கரத்தின் முன் ஓரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, மாறிப்போவதுதான் டயரைத் தின்னும். முன் ஸ்ட்ரட்டைச் சக்கரத்தோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டில் மேலே உள்ளதைத் திருப்பினால் கேம்பர் சரிசெய்யலாம். பின் அச்சுக்கு பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். சில வண்டியில் அது பின்பக்கம் தாழ்ந்ததைப் பார்த்து ஆள் ஏறியிருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டு, காலி வண்டியிலேயே பின் சக்கரத்தைப் பூட்டிவிடும். ஹெட்லைட்டின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். இன்சூரன்ஸுக்கும் எழுதிச் சொல்லிவிடு, சொல்லாமல் விட்டால் நாளைக்கு ஏதாவது நடந்தால் பணம் தரமாட்டேன் என்பதற்கு அது ஒரு சாக்கு.

இங்கே 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு பல ரோடு இன்னும் ஒட்டுப் போட்ட ரோடுதான், பள்ளிக்கூடம், கோயில் பக்கமெல்லாம் வேகத்தடை வேறு. சிட்டி கோல்ஃபில் முதலில் அடி வாங்குவது இன்ஜினுக்குக் கீழே எண்ணெய் நிற்கும் சட்டியான சம்ப்தான், எண்ணெய் போய்விட்டால் இன்ஜினும் போச்சு. 40-க்கு மேல் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய், குமரனையும் வண்டியையும் கொண்டு வா. தாழ்த்துவதற்கு முன்பே வந்தால் இன்னும் நல்லது. முன் ஷாக்கின் தண்டில், அது உடலுக்குள் நுழைகிற இடத்தை ஒட்டி, ஒயர் கட்டுகிற ஒரு பிளாஸ்டிக் டையை இறுக்கமாகக் கட்டி, இந்தப் பக்கத்து ரோட்டில் நீங்கள் எல்லோரும் ஏறி ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். ஷாக் எவ்வளவு தூரம் உள்ளே போகிறதோ அவ்வளவு தூரம் டை மேலே தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே மிச்சம் எவ்வளவு என்று அவனே ஸ்கேல் வைத்து அளக்கட்டும். பணம் கட்டுவதற்கு முன்னால் ஸ்பிரிங், ஷாக் இரண்டின் பார்ட் நம்பரையும் எனக்கு எழுதி அனுப்பச் சொல், பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
தேவன்