கடைசியா எப்ப வேணும்னே நிப்பாட்டி பாத்தீங்க?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

"சர்வர் கோளாறு, மக்கள் அவதி"ன்னு நம்ம பேப்பர்ல அடிக்கடி நாலு வரி வருது, மறுநாள் "சரிசெய்யப்பட்டது"ன்னு ரெண்டு வரி, அத்தோட முடிஞ்சுது. நான் பாளையங்கோட்டைல ஒரு ஆபீஸ்ல சர்வர் பாக்குறவன், அத படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும், அதான் எழுதுதேன்.

எங்க ஆபீஸ்ல ரெண்டு பெரிய மெஷின், அதுக்குள்ள 14 விர்ச்சுவல் மெஷின். புரியாதவங்களுக்கு சொல்லணும்னா நம்ம ஊரு வளவு மாதிரி, ஒரே காம்பவுண்டுக்குள்ள ஏழு வீடு, தனித்தனி கதவு, தனித்தனி பூட்டு, ஆனா தண்ணி மோட்டார் ஒண்ணுதான். ஒரு மெஷின் படுத்தா அதுல குடியிருந்ததெல்லாம் அடுத்த மெஷின்ல தானா எந்திரிக்கணும், அதுக்குத்தான் அவ்வளவு துட்டு குடுத்து வாங்குனோம். வித்தவரு "கவலையே படாதீங்க சார்"னுட்டு போனாரு, நாங்களும் மூணு வருஷம் கவலையே படல.

அப்புறம் முதலாளி அண்ணாச்சிகிட்ட மாசக்கணக்கா கெஞ்சி, ஒரு செவ்வாக்கிழமை காலைல 11 மணிக்கு, எல்லாரும் சீட்ல இருக்கும்போதே, ஒரு மெஷினோட பவர் கார்டை நானே உருவுனேன். கை நடுங்குச்சு, பொய் சொல்லல. ரெண்டு நிமிஷத்துல பில்லிங் எந்திரிச்சுது, டேட்டாபேஸ் எந்திரிச்சுது, ஆனா ஒருத்தராலயும் லாகின் பண்ண முடியல. என்னன்னு பாத்தா, பேரை அட்ரஸா மாத்தி குடுக்குற டிஎன்எஸ் மெஷினும், அதுக்கு மாத்தா வச்சிருந்த இன்னொரு டிஎன்எஸ்ஸும், ரெண்டும் நான் கார்டை உருவுன அதே மெஷின்லதான் கெடந்திருக்கு. ரெண்டையும் ஒண்ணா வைக்காதேன்னு ஒரு ரூல் போட்டிருந்தா போதும், யாரும் போடல. (அந்த யாரும்ல நானும் உண்டு.) சரி, அதுக அங்க எந்திரிக்கட்டும்னு பாத்தா மெமரி இல்ல. மெஷினுக்கு 128 ஜிபி, ஒண்ணுல 75 ஓடுது இன்னொண்ணுல 85 ஓடுது, கூட்டுனா 160, அது எப்படி 128க்குள்ள அடங்கும்? அஞ்சாங்கிளாஸ் கணக்கு, மூணு வருஷமா ஒருத்தரும் போட்டு பாக்கல. 20 நிமிஷம் கவுண்டர்ல கையால பில்லு எழுதுனாங்க, அண்ணாச்சி என்னைய பாத்த பார்வை இருக்கே!

இப்படி வேணும்னே நிப்பாட்டி பாக்குறதுக்கு கேயாஸ் இன்ஜினியரிங்னு பேரு, கேயாஸ்னா குழப்பம். நெட்ஃபிளிக்ஸ்காரங்க அப்ப தபால்ல டிவிடி வாடகைக்கு அனுப்புவாங்க, அவங்களுக்கு 2008ல டேட்டாபேஸ் கெட்டுப்போயி மூணு நாள் டிவிடி அனுப்ப முடியாம நின்னுருக்கு. அதுக்கப்புறம் கிளவுடுக்கு, அதாவது அடுத்தவங்க மெஷினை நெட் வழியா வாடகைக்கு எடுக்குறதுக்கு, மாறும்போது கேயாஸ் மங்கின்னு ஒரு புரோகிராம் எழுதுனாங்க, அது ஓடிட்டிருக்க விர்ச்சுவல் மெஷின்ல ஏதோ ஒண்ண கண்ண மூடிட்டு தேர்ந்தெடுத்து நிப்பாட்டிரும், அதுவும் ஆபீஸ் நேரத்துல. ராத்திரி 2 மணிக்கு தானா படுத்தா யாரு வருவா, பகல்ல படுத்தா பாக்க ஆளு இருக்குல்லா.

நம்ம ஊர்ல புதுத் தேருக்கு வெள்ளோட்டம் விடுவோம். அது தேர் ஓடுதான்னு பாக்குறது. ஒரு வடம் அறுந்தா மிச்ச வடத்துல தேர் நவுருமாங்கிறது வேற கேள்வி, 2024 நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துல வடம் அறுந்து தேர் நின்னப்ப ரதவீதில நின்னவங்களுக்கு நான் விளக்க வேண்டாம். சாப்ட்வேர் கம்பெனிக வெள்ளோட்டத்தோட நிறுத்திக்கிடுதாங்க.

இத படிச்சிட்டு நாளைக்கே யாராவது போயி ஒயரை புடுங்கிராதீங்க, அது கேயாஸ் மட்டும்தான், இன்ஜினியரிங் இல்ல. சாதாரணமா நிமிஷத்துக்கு எத்தன பில்லு போகுதுன்னு முதல்ல எழுதி வைக்கணும், இத நிப்பாட்டுனா என்ன ஆகும்னு யூகத்தையும் எழுதணும், சின்னதா ஒண்ணுல ஆரம்பிக்கணும், கை மீறுனா உடனே பழையபடி கொண்டுவர வழி இருக்கணும். செத்துப்போற மெஷினை விட இழுத்துக்கிட்டு கெடக்குற மெஷின்தான் பொல்லாதது. பஸ்ஸு வராதுன்னு தெரிஞ்சா ஆட்டோ புடிச்சு போயிருவோம், இந்தா வருது இந்தா வருதுன்னாதான் ஜங்ஷன்ல ஒரு மணி நேரம் நிப்போம், அதே கததான். அதனால நெட்வொர்க்கை வேணும்னே மெதுவாக்கியும் பாக்கணும், லினக்ஸ்ல அதுக்கு கமாண்டே இருக்கு.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துல திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே முங்குச்சு. எங்க மெஷின் ரெண்டும் இன்னமும் தரைத்தளத்துல ஒரே ரூம்லதான் இருக்கு, அடுத்த சண்டை அண்ணாச்சிகிட்ட அதுக்குத்தான்.

ஆசிரியர்கிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணு. அடுத்த தடவ சர்வர் கோளாறுன்னு செய்தி போடும்போது, உங்க நிருபர் அந்த அதிகாரிகிட்ட தலைப்புல இருக்க கேள்வியையும் கேட்டு, அவரு சொல்லுத பதிலை அப்படியே போடுங்க. பதில் சொல்லலைன்னா அதையும் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகன், பாளையங்கோட்டை