ஹாங்காங்கில் மலைநடை கூட்டிப்போகும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஞாயிறுதோறும் வாட்ஸ்ஆப்பில் ஆள் சேர்த்து, துங் சுங்கிலிருந்தும் சாய் குங்கிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மலைக்குக் கூட்டிப்போகும் தமிழ்க் குழுக்களின் ஒருங்கிணைப்பாளர்களுக்கு வணக்கம்.

அக்டோபரில் காற்றின் ஈரம் வடிந்து, மலைமுகட்டில் வெள்ளிப்புல் பூக்கத் தொடங்கியதும் அறிவிப்புகள் வரிசை கட்டும். "லாந்தாவ் பீக், 4.5 கி.மீ., எல்லோரும் வரலாம்." இந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். தூரம் சரியாகவே இருக்கிறது. ஆனால் ஊரிலிருந்து வந்திருக்கும் அறுபத்தைந்து வயது அம்மாவையோ ஏழு வயதுப் பிள்ளையையோ கூட்டி வரலாமா என்று முடிவெடுக்க அந்தத் தூரம் எதையும் சொல்வதில்லை.

இங்கே உயரங்கள் ஏமாற்றும். நகரத்திலேயே உயர்ந்த தாய் மோ ஷான் 957 மீட்டர், லாந்தாவ் பீக் 934 மீட்டர். ரயிலும் பஸ்ஸும் அடிவாரம் வரை கொண்டுபோய் விடுவதால் பூங்காவுக்குப் போவதுபோல் கிளம்பிவிடுகிறோம். ஆனால் பஸ் நிற்கும் பாக் குங் ஆவ் கணவாய் சுமார் 330 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து உச்சிக்கு 600 மீட்டர் ஏற வேண்டும். ஏற்றத்தில் பெரும்பகுதி கற்படிகள், ஒன்று அரையடி, அடுத்தது முழங்கால் உயரம். மரநிழல் சீக்கிரமே முடிந்துவிடும். அதன்பின் புல்லும் பாறையும்தான்.

கணக்கை இப்படிப் போடுங்கள். கலவையான குழு சமதளத்தில் மணிக்கு 3 கி.மீ. நடக்கும், ஆகவே 4.5 கி.மீ.க்கு ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு நிமிடம் கூட்டினால் 600 மீட்டருக்கு இன்னொரு மணி நேரம். மணிக்குப் பத்து நிமிடம் இளைப்பாற, உச்சியில் அரை மணி நேரம் படம் எடுக்க. அதற்குமேல், நடை முடியும் நொங் பிங் பக்கம் செங்குத்தான படிகளில் இறங்க, முழங்கால் வலி உள்ளவர்களுக்காக அரை மணி நேரம். மொத்தம் நான்கு மணி நேரம். சுறுசுறுப்பான நால்வர் இதை இரண்டரை மணி நேரத்தில் முடிப்பார்கள் என்பது உண்மைதான். இருபது பேரோடு அந்த நேரத்தை நம்பிக் கிளம்பினால்தான் பொழுது சாய்ந்துவிடுகிறது. டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் மாலை 5.40-க்கெல்லாம் மறைந்துவிடும். மலையின் கிழக்குச் சரிவில் அதற்கு முன்பே இருள் கட்டும்.

ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். விழுவது பெரும்பாலும் இறங்கும்போது. களைத்த தொடை பாரத்தைத் தாங்காது, கால் படியின் விளிம்பில் விழும். அடித்தேய்ந்த ஓட்டக்காலணி ஈரப்பாசி படிந்த சிமெண்டில் எண்ணெய்போல் வழுக்கும். கிளம்பும் இடத்திலேயே காலணியைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அடியில் வரிப்பள்ளம் தெரியாவிட்டால் அன்றைக்கு அவர் வர வேண்டாம். இதில் முகதாட்சண்யம் பார்க்காதீர்கள்.

உயரம் சொல்லாத இன்னொன்று, தரை. சாய் குங் பக்கத்து ஷார்ப் பீக் வெறும் 468 மீட்டர். ஆனால் உச்சியை ஒட்டிய சரிவில் எரிமலைப் பாறை உதிர்ந்து மிளகு அளவுச் சரளையாகக் கிடக்கிறது. கெட்டியான தரையின் மேல் அந்தச் சரளை உருளும், அதன்மேல் வைத்த காலும் உருளும். படி கிடையாது, பராமரித்த பாதையும் கிடையாது. பிள்ளைகளோடு போகும் குழுவுக்கு அது ஏற்ற இடமே இல்லை.

இனி, குழுவைப் பற்றி. முன்னால் வழிகாட்ட எல்லோரும் ஆசைப்படுகிறார்கள், பின்னால் வர யாரும் இல்லை. வழிகாட்டியைவிடக் கடைசி ஆள் முக்கியம். பாதை தெரிந்தவராக, முதலுதவிப் பையும் தலைவிளக்கும் வைத்திருப்பவராக, யாரையும் தனக்குப் பின்னால் விடாதவராக ஒருவரை நியமியுங்கள். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முன்னால் போனவர்கள் நின்று, கடைசி ஆள் வந்து, தலை எண்ணிய பிறகே கிளம்ப வேண்டும். பின்தங்கியவர் வந்து சேர்ந்ததும் மற்றவர்கள் உடனே நடக்கத் தொடங்குவது நாம் அடிக்கடி செய்யும் தவறு. ஓய்வு மிகவும் தேவைப்பட்டவருக்கு மட்டும் ஓய்வே கிடைப்பதில்லை. அவர் வந்தபின் ஐந்து நிமிடம் எண்ணுங்கள்.

தாய் லோங் வான் கடற்கரைக்குப் போகும் குழுக்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே போகும் மெக்லிஹோஸ் நெடும்பாதையின் இரண்டாம் பகுதி அழகுதான், மறுக்கவில்லை. கடற்கரையோர ஹாம் தின் கிராமத்தில் மதியம் சாப்பிட்டு, பிள்ளைகள் மணலில் ஆடி, மணி நான்காகிவிடும். "திரும்ப ஸ்பீட் போட் இருக்கிறது" என்ற நம்பிக்கை. கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. அப்போது மிச்சமிருப்பது, 94-ஆம் எண் பஸ் நிற்கும் பாக் தாம் ஆவ் வரை ஒரு கணவாய் ஏறி இறங்கும் நெடும் நடை. இருபது பேர், நான்கு டார்ச், இருட்டு. ஆகவே படகைக் கணக்கில் சேர்க்காமல் திட்டமிடுங்கள். கிடைத்தால் லாபம். குளிப்பதற்கும் எச்சரிக்கை தேவை. அங்கே உயிர்காப்பாளர்கள் கிடையாது. பெரிய அலை திரும்பும்போது ஆளை உள்ளே இழுக்கும். பிள்ளைகளுக்குக் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம்.

தண்ணீர்: குளிர்காலத்தில் பெரியவர் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர், மே முதல் செப்டம்பர் வரை முக்கால் லிட்டருக்குக் குறையாமல். பாக் குங் ஆவுக்கும் நொங் பிங்குக்கும் இடையே கடையோ குழாயோ இல்லை. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தலைவலியும் குமட்டலும் வரும், அதைத் தாகம் என்று நினைத்து மேலும் தண்ணீர் குடிப்பார்கள். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் கொஞ்சம் கடலை மிட்டாயும் போதும். எலுமிச்சை சாதமும் புளியோதரையும் தாங்கும், கோடையில் தயிர்சாதம் வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் யார் என்பது கடைசி ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாராவது தடுமாறி, சம்பந்தமில்லாமல் பேசி, உடம்பு அனலாகக் கொதித்தால் அது வெப்பத்தாக்கு. அவசர உதவி எண் 999-ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து விசிறுங்கள். எழுப்பி நடத்தாதீர்கள். உண்மையில் கோடையில் முகடுகளுக்குப் போகவே தேவையில்லை. தாய் போ காவ் காட்டுக்குள் 3, 4, 7, 10 கி.மீ. எனச் சிவப்பு, நீலம், பழுப்பு, மஞ்சள் பாதைகள் இருக்கின்றன, பெரும்பாலும் நிழலில். பிள்ளைகளுக்குச் சிவப்பே போதும்.

உணவுப் பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு நடந்தால் காம் ஷான் வனப்பூங்காவில் குரங்கு வந்து பறிக்கும். பைதான் அதற்கு அடையாளம். குரங்குக்கு உணவு கொடுப்பது குற்றம், 2024 ஆகஸ்ட் முதல் உச்ச அபராதம் ஒரு லட்சம் ஹாங்காங் டாலர். நடைபாதைகளிலிருந்த குப்பைத்தொட்டிகளை 2017-க்குள் எடுத்துவிட்டார்கள், ஆகவே ஆரஞ்சுத் தோல் உட்பட எல்லாம் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

மழை எச்சரிக்கையை எல்லோரும் பார்க்கிறார்கள். மழை மணிக்கு 30 மி.மீ.க்கு மேல் என்றால் ஆம்பர் நிற எச்சரிக்கை, 50 சிவப்பு, 70 கறுப்பு. ஆம்பர் வந்தாலே நடையைத் தள்ளிப்போடுங்கள். நடுவழியில் வந்தால் முகட்டைவிட்டு இறங்குங்கள், ஓடையைத் தாண்டாதீர்கள். ஆனால் வறண்ட மாதங்களின் தீ எச்சரிக்கையைப் பலர் பார்ப்பதே இல்லை. 1996 பிப்ரவரி 10 அன்று பாட் சின் லெங் மலையில் பள்ளி நடைக்குப் போன குழுவைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இரண்டு ஆசிரியர்களும் மூன்று மாணவர்களும் இறந்தார்கள். அவர்கள் நினைவாக அங்கே ஒரு மண்டபம் இருக்கிறது. அந்த வழியாகப் போகும்போது பிள்ளைகளை அங்கே நிறுத்தி விஷயத்தைச் சொல்லுங்கள். காய்ந்த புல்லில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும், எந்த மனிதக் காலாலும் அதை முந்த முடியாது. புகை தெரிந்தால் மேலே ஏறாதீர்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று பார்த்து, புல் இல்லாத வெற்றுத்தரையை நோக்கிப் பக்கவாட்டிலோ கீழேயோ விலகுங்கள். சிவப்புத் தீ எச்சரிக்கை இருக்கும் நாளில் புல்வெளி மலைக்கே போகாதீர்கள்.

கடைசியாக, வழியோரக் கம்பங்கள். நான்கு நெடும்பாதைகளிலும் 500 மீட்டருக்கு ஒன்றாக நிற்கின்றன. மேலே பாதையின் ஆங்கில முதலெழுத்தும் மூன்று இலக்க எண்ணும் இருக்கும். லாந்தாவ் பாதைக்கு 'எல்', மெக்லிஹோஸுக்கு 'எம்'. வரைபடக் குறியீடும் அதிலேயே இருக்கும். 999-இல் "ஒரு பெரிய பாறை பக்கத்தில் இருக்கிறோம்" என்பதைவிட அந்த எண் ஆயிரம் மடங்கு பயன்படும். ஒவ்வொரு கம்பத்திலும் பிள்ளைகளை எண்ணை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். விளையாட்டாகவே எல்லோர் மனத்திலும் நின்றுவிடும். வடகிழக்கு ஓரங்களில் போன் ஷென்ஜென் பக்கத்து அலைவரிசைக்குத் தாவும், அதனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேகம் மூடினால் ஹெலிகாப்டர் வராது, மீட்புக்குழு நடந்துதான் ஏற வேண்டும். அதுவரை காயம்பட்டவரை மூட ஒரு சூடான மேலாடையாவது பையில் இருக்கட்டும்.

அடுத்த அறிவிப்பை இப்படி எழுதிப் பாருங்கள்:

"லாந்தாவ் பீக், நவம்பர் ஞாயிறு. தூரம் 4.5 கி.மீ., ஏற்றம் 600 மீட்டர், படிகள் அதிகம், நிழல் குறைவு. காலை 9 மணிக்கு பாக் குங் ஆவ் பஸ் நிறுத்தத்தில் கிளம்புகிறோம். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், டார்ச், காற்றுக்கு ஒரு மேலாடை. கடைசி ஆள் 12 மணிக்குள் உச்சியைத் தொடாவிட்டால் எல்லோரும் வந்த வழியே திரும்புகிறோம். மதியம் 1 மணிக்கு நொங் பிங்கில் சாப்பாடு, 23-ஆம் எண் பஸ்ஸில் துங் சுங். காலை 7 மணிக்கு ஆம்பரோ சிவப்புத் தீ எச்சரிக்கையோ இருந்தால் நடை இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் பஸ்ஸிலேயே நேராக நொங் பிங் வந்துவிடலாம், அங்கே சந்திப்போம்."

அன்புடன்,
ஹாங்காங் மலைகளில் நடக்கும் சிலர்