ஹோலைத் திறந்து விடுங்கோ: வலைப்பந்தாட்டத்துக்குப் பொறுப்பானவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சேர்மார், மேடம்மாருக்கு,

வெள்ளவத்தையில இருந்து எழுதிறன். நான் பெரிய ஆள் ஒண்டும் இல்லை, இலங்கை வலைப்பந்தாட்ட (நெட்போல்) அணியைத் தெரிவு செய்யிறதுக்கு நீங்கள் பூலுக்குக் கூப்பிட்ட பிள்ளையள்ல ஒருத்தியின்ட அக்கா. பிராக்டிஸில தங்கச்சி விழுந்து முழங்கால் பழுதானது உங்களுக்குத் தெரியும், அதால முதல்ல இருந்து கதை சொல்லப் போறதில்லை. ஆனா அண்டைக்கு அந்தக் கோர்ட்டுக்குப் பக்கத்தில நிண்டது நீங்கள் இல்லை, நான்தான் நிண்டனான். அதை மட்டும் சொல்ல விடுங்கோ.

காலமை ஆறு மணிக்குப் பிராக்டிஸ். நாலரைக்கு எழும்பி, பஸ்ஸைப் பிடிச்சு ஓடிப் போனா நாங்கள் விளையாடுற உள்ளரங்கு ஹோல் பூட்டு. ஜன்னலால எட்டிப் பாத்தா உள்ள முழுக்க வெள்ளை உறை போட்ட கதிரையள், மேடை, பூ அலங்காரம். பின்னேரம் ஆற்றயோ கல்யாண ரிசெப்ஷனாம். செக்யூரிட்டி ஐயா பாவம், அவர் என்ன செய்யிறது, "இண்டைக்கு புக்கிங் மகள், வெளியில விளையாடுங்கோ" எண்டு சொன்னார். வெளியில தார்க் கோர்ட். இரவு பெய்ஞ்ச மழைத் தண்ணி அப்படியே நிக்குது. பிள்ளையள் தும்புத்தடி ரெண்டை வாங்கி, ஷூவைக் கழட்டி வச்சிட்டு, தாங்களே தண்ணியைத் தள்ளினவை. நாட்டுக்கு விளையாடக் கூப்பிட்ட பிள்ளையள். அரை மணித்தியாலம் அதிலயே போச்சு.

பிறகு விளையாடத் தொடங்கி கொஞ்ச நேரத்தில தங்கச்சி விழுந்தாள். அவள் விங் டிஃபென்ஸ், எதிரணியின்ட பாஸை மறிக்கிற இடம். எதிர்ப்பக்கம் போன பாஸை எம்பிப் பிடிச்சு ஒரு காலில இறங்கினவள், அந்தக் கால் நிக்க வேண்டிய இடத்தில நிக்காம வழுக்கிச்சுது, முழங்கால் உள்பக்கம் திரும்பிச்சுது. சத்தம் எனக்குக் கேட்டது. முழங்காலுக்குள்ள இருக்கிற ஏசிஎல் எண்ட லிகமன்ட் (தசைநார்) கிழிஞ்சிட்டுது எண்டு ஸ்கானில சொன்னவை. ஒப்பரேஷன் செய்து திரும்பக் கோர்ட்டுக்கு வர குறைஞ்சது ஒன்பது மாசமாம். இப்ப அவள் சுவரில கையை ஊண்டிக் கொண்டு பாத்ரூமுக்குப் போறாள், நான் பின்னால போறன். "நான் இறங்கினது பிழையோ அக்கா" எண்டு அதையே திருப்பித் திருப்பிக் கேக்கிறாள். இல்லை எண்டு நான் சொல்லிக் கொண்டிருக்கிறன், நீங்களும் ஒருக்கா சொன்னா நல்லம்.

இந்த விளையாட்டைப் பற்றி உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. பந்தைப் பிடிச்சா ஓட ஏலாது. இறங்கின காலைத் தூக்கினா அதைத் திரும்ப நிலத்தில வைக்க முதல் பந்து கையை விட்டுப் போயிருக்க வேணும், அதுவும் மூண்டு செக்கனுக்குள்ள. வேகமா ஓடி வந்து எம்பி, அப்படியே பிறேக் போட்ட மாதிரி நிக்கிற விளையாட்டு இது. அந்த முழுப் பாரமும் முழங்காலிலதான் இறங்குது. அதுக்குத்தான் மரத்தளம், அந்த அடியை மரம் கொஞ்சமாவது வாங்கும், தார் வாங்காது. ஆசியக் கிண்ணமும் உலகக் கிண்ணமும் உள்ளரங்கில நடக்குது. பிள்ளையளை ஈரத் தாரில பழக்கிப்போட்டு அங்க கொண்டு போய் இறக்கினா கால் எப்பிடிப் பிடிக்கும், பந்து எழும்புற விதம் கூட வேற.

2023 உலகக் கிண்ணம் கேப் டவுனில நடந்தது ஒரு மாநாட்டு மண்டபத்தில. அவங்கள் மாநாடு நடத்துற கட்டடத்துக்குள்ள தளம் விரிச்சு வலைப்பந்தாட்டம் நடத்தினாங்கள். இங்க விளையாடுற ஹோலில கல்யாணம் நடத்துறம். கல்யாணம் நடக்கட்டும், வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, ஆனா பிள்ளையளைக் கூப்பிட்ட நாளிலயா?

இந்த இலங்கை அணி நாட்டுக்கு என்ன செய்தது எண்டு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ. ஆசியக் கிண்ணம் ஆறு தரம். 2009க்குப் பிறகு ஒன்பது வருசம் காத்திருந்து 2018இல சிங்கப்பூரில வச்சே சிங்கப்பூரை 69க்கு 50 எண்டு வெண்டது, பிறகு 2022இலயும். யாழ்ப்பாணத்து ஈவினையில இருந்து வந்த தர்ஜினி அக்கா, தர்ஜினி சிவலிங்கம், ஆறு அடி பத்து அங்குலம், வளையத்துக்குக் கீழ நிண்டு கையை உயத்தினா பந்து உள்ள போகும் எண்டு நாங்கள் மூச்சுப் பிடிச்சுப் பாத்தனாங்கள். எங்கட வீட்டில டீவிக்கு முன்னால சாமித் தட்டை வச்சவா அம்மா. தங்கச்சி பந்தைத் தூக்கினதே அவவைப் பாத்துத்தான். 2024இல பெங்களூருவில இறுதிப் போட்டியில அதே சிங்கப்பூரிட்டக் கிண்ணத்தைக் குடுத்திட்டு வந்தம். தோத்ததுக்குப் பிள்ளையளை ஏசினவை எத்தினையோ பேர், எங்க நிண்டு பழகினவை எண்டு கேட்ட ஆள் ஒண்டையும் நான் காணேல்லை.

கிரிக்கெட்டுக்கு மழை வந்தா பிட்ச்சை மூட ஒரு படையே ஓடி வருது. இவை தாங்களே கூட்ட வேணும். பிராக்டிஸ் மெசேஜ் கூட சிங்களத்தில மட்டும்தான் வருது, வவுனியாவில இருந்து வந்த பிள்ளைக்கு சக சிங்களப் பிள்ளையொண்டுதான் வாசிச்சுச் சொன்னது, நல்ல பிள்ளை, ஆனா அது அவளின்ட வேலை இல்லையே. வெளியூர்ப் பிள்ளையள் இரவு எங்க தங்குறது, ஆர் பொறுப்பு, ஒண்டுக்கும் பதில் இல்லை. இதெல்லாம் எழுதத் தொடங்கினா முடியாது, கோவம்தான் கூடுது. மன்னிச்சுக் கொள்ளுங்கோ.

நான் கேக்க வந்தது ஒண்டு. ஹோலைத் திறந்து விடுங்கோ. கிழமையில எந்த நாள், எத்தினை மணித்தியாலம் எண்டு முதலே எழுதி, மூண்டு மொழியிலயும் அனுப்பி, அந்த நேரத்தை வேற ஆருக்கும் வாடகைக்குக் குடுக்காதேங்கோ. ஹோல் கிடைக்காத நாளில மழை பெய்ஞ்சிருந்தா பிராக்டிஸை நிப்பாட்டுங்கோ. புதுக் கட்டடம் ஒண்டும் கேக்கேல்லை, இருக்கிற ஹோலின்ட சாவியைத்தான் கேக்கிறம். 2027 உலகக் கிண்ணம் சிட்னியில, அதைக் கனவு கண்டு கொண்டு இன்னும் எத்தினையோ பிள்ளையள் அந்தத் தாரில இறங்குதுகள்.

ஒக்டோபர் மழை தொடங்க முதல் ஒரு பதில் தாங்கோ. தயவு செய்து.

இப்படிக்கு,
விங் டிஃபென்ஸ் பிள்ளையின்ட அக்கா
வெள்ளவத்தை, கொழும்பு