வானியல் ஆர்வலர் மன்றம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு ஒன்பது மாதக் கூட்டங்கள் நடந்தன. மூன்று மழையில் போய்விட்டன. புதிதாகச் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள். ஆண்டு முழுக்கச் சிறுகோள்கள் (சூரியனைச் சுற்றும் சிறு பாறைகள்) என்ற ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு போனதற்கும் அவர்கள்தான் காரணம். ஜூன் கூட்டத்தில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "நம்ம ஊர்ல இருந்து யாராவது எதையாவது கண்டுபிடிச்சிருக்காங்களா சார்?" என்று கேட்டாள். பெரியவர்களே பலர் முழித்தோம்.

கண்டுபிடித்திருக்கிறார்கள். 1861 ஏப்ரல் 17 அன்று, நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில் ஆங்கிலேய வானியலாளர் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டார். வரிசையில் அது 67ஆவது. அதற்கு முந்தையவை எல்லாம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்டவை. இந்தக் கண்டத்திலிருந்து கிடைத்த முதல் சிறுகோள் என்பதால் 'ஆசியா' என்று பெயரிட்டார்கள். கிரேக்கக் கதைகளில் அதே பெயரில் ஒரு பெண் தெய்வமும் உண்டு. ஆகவே சிறுகோளுக்குப் புராணப் பெண் பெயர் வைக்கும் அன்றைய வழக்கமும் கெடவில்லை. அங்கிருந்தே 1864இல் சாப்போ, 1866இல் சில்வியா, 1885இல் வேரா ஆகியவற்றையும் போக்சன் கண்டார். சில்வியாவுக்கு இரண்டு துணைக்கோள்கள் இருப்பது இந்த நூற்றாண்டில்தான் தெரிந்தது.

புகைப்படம் உதவாத காலம் அது. விண்மீன் வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு, தொலைநோக்கியில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி மறுநாள் இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; மாறியிருந்தால் அது விண்மீன் அல்ல. ஆகஸ்டில் மொட்டைமாடியில் நம் பிள்ளைகள் இதைச் செய்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் கழுத்து வலித்தது, கண் பூத்துப் போனது. போக்சன் பட்ட பாடு அவர்களுக்கு அன்று புரிந்தது.

பழைய வானாய்வகம் இருந்த வளாகத்தில் இப்போது வானிலை மையம் இருக்கிறது. 1792இல் நட்ட கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து உண்டு. அங்கே போன நம் பிள்ளைகள் விரலால் தடவி, எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். எனக்கு இந்த ஆண்டின் மிக நல்ல அரை மணி நேரம் அதுதான்.

அப்புறம் கணக்கு. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரத்தை ஒன்று என்று கொண்டால், ஆசியா சிறுகோளின் சராசரித் தூரம் 2.42. 2.42 × 2.42 × 2.42 என்று பெருக்கினால் 14.17, வர்க்கமூலம் 3.76. ஆக, ஒரு சுற்றுக்கு மூன்று ஆண்டு ஒன்பது மாதம். தூரத்தையும் சுற்றும் காலத்தையும் இணைக்கும் கெப்ளர் விதி கரும்பலகையில் இரண்டே வரியில் முடிந்ததும், கேள்வி கேட்ட அதே மாணவி, "என் வயசுக்கு மூணு சுத்து வந்திருக்கு சார்" என்றாள்.

பிப்ரவரியில் ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்துக்குப் போனோம். மேகம் மூடிவிட்டது, வானம் பார்க்க முடியவில்லை. ஆனாலும் 1988 பிப்ரவரி 17 அன்று வானியலாளர் ராஜமோகன் அங்கே கண்ட 4130ஆம் சிறுகோளைப் பற்றிப் பேசினோம். போக்சனின் வேராவுக்குப் பின் நூறாண்டுக்கு மேல் கழித்து வந்த கண்டுபிடிப்பு. அதன் தற்காலிகப் பெயர் 1988 டிகியூ1. 'டி' என்றால் பிப்ரவரியின் பின்பாதி. மீதி எழுத்தும் எண்ணும் அந்தப் பாதி மாதத்தில் 41ஆவதாகக் கண்டது என்று சொல்கின்றன. பாதை உறுதியான பிறகே எண் தருவார்கள். அதன்பின் கண்டவர் பெயரை முன்மொழியலாம், சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படித்தான் 4130, 'ராமானுஜன்' ஆனது. விண்மீனுக்கும் சிறுகோளுக்கும் காசு வாங்கிக்கொண்டு பெயர் வைப்பதாகச் சொல்பவர்களை யாரும் நம்ப வேண்டாம். பெயர் விற்பனைக்கு இல்லை.

ஆசியா சிறுகோளைப் பற்றித் தமிழில் எட்டுப் பக்கக் கையேடு ஒன்று பிள்ளைகளே எழுதியிருக்கிறார்கள். அச்சுச் செலவுக்கு இன்று பொதுக்குழு அனுமதி தர வேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

செயலாளர்