கடன் வாங்கியாவது குழாயை மாற்றட்டும்

குமாரசாமிப்பேட்டை, தருமபுரி

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. தங்கைக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. இங்கே அனைவரும் நலம். இந்த வருடம் மாம்பூ நன்றாகப் பிடித்திருக்கிறது. பனி கெடுக்காமல் இருந்தால் சரி.

ஊருக்குள் இருக்கும் பழைய குழாய்களை மாற்ற நகராட்சி கடன் வாங்கலாம் என்று நான் சொன்னதற்கு, "ஒகேனக்கல் தண்ணீர்தான் வந்துவிட்டதே, இன்னும் குழாய்க்கு எதற்குப் பணம்?" என்று எழுதியிருக்கிறாய். கோயம்புத்தூரில் உட்கார்ந்து சிறுவாணி குடிக்கிறவனுக்கு அப்படித்தான் கேட்கத் தோன்றும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஆன செலவு 1,928 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி ஜப்பான் கொடுத்த கடன். 2013-ல் திறந்தார்கள். காவிரியை மலையேற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் கொண்டுவந்த பெரிய வேலை அது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கி நம் வாசல் வரை அந்தத் தண்ணீர் வருகிற வழியைப் பார்த்தாயா?

சென்ற மாதம் தெருமுனையில் ஒரு பழைய வார்ப்பிரும்புக் குழாயை அறுத்து எடுத்துப் போட்டிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நான்கு அங்குலக் குழாய். உள்ளே துரு முடிச்சு முடிச்சாக வளர்ந்து, இரண்டு விரல் நுழையத்தான் இடம் இருந்தது. நகத்தால் சுரண்டினால் செதிலாக உதிர்ந்தது. தண்ணீர் திறந்துவிடும் தம்பி பக்கத்தில் நின்றிருந்தார். "பெரிய குழாய் உடைந்தால் ரோட்டிலேயே தெரிந்துவிடும் சார். வீட்டு இணைப்பு பிரிகிற இடத்தில் கசிவதுதான் யார் கண்ணுக்கும் படாது" என்றார். எத்தனை பொறியாளர் அறிக்கை படித்தாலும் இதைவிடத் தெளிவாக விளங்காது.

அப்படிக் கசிகிற தண்ணீர் சும்மா வந்ததில்லை. ஒகேனக்கல் பள்ளத்தில் இருக்கிறது. அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் ஓசூரோ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில். ஒவ்வொரு குடமும் மின்சாரம் செலவழித்து ஏற்றிய குடம். அது மண்ணுக்குள் போய்விட்டால் ஊர் மறுபடி ஆழ்துளைக் கிணற்றைத்தான் நம்ப வேண்டும். நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு எவ்வளவு என்று உனக்கும் எனக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை, கண்ணாடி முன் நின்று பல்லைக் காட்டினால் போதும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது தர விதி. பல் கறையோடு போனால் பரவாயில்லை, அது எலும்பையும் கெடுக்கும். பென்னாகரம் பக்கம் முட்டி வளைந்து நடந்தவர்களை நாம் பார்த்து வளர்ந்தோம்.

சரி, பணம். "அரசாங்கம் கொடுக்கட்டும், ஊர்க்காரன் தலையில் கடனைக் கட்டாதே" என்பது உன் வாதம். அரசாங்கம் கொடுக்கத்தான் செய்கிறது. நகரங்களின் குடிநீருக்காக மத்திய அரசு 2021-ல் தொடங்கிய அம்ருத் 2.0 திட்ட விதிப்படி, ஒரு லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊருக்கு மத்திய அரசின் பங்கு பாதி. 2011 கணக்கெடுப்பின்படி தருமபுரி, கிருஷ்ணகிரி நகராட்சிகள் இரண்டுமே அந்த வரம்புக்குள் வருகின்றன. மீதிப் பாதிதான் கேள்வி. மாநிலமும் ஒரு பங்கு போடும் என்றாலும் அதை விட்டுவிட்டே கணக்குப் போடுகிறேன். வங்கியில் இருந்தவன் புத்தி எங்கே போகும்?

20 கோடி ரூபாய் வேலை, 15,000 இணைப்பு உள்ள ஊர் என்று வைத்துக்கொள். பாதி மானியம் போக 10 கோடியை 8 சதவீத வட்டியில் 20 வருடக் கடனாக வாங்கினால், வருடத் தவணை ஏறக்குறைய 1 கோடியே 2 லட்சம். ஓர் இணைப்புக்கு மாதம் 57 ரூபாய் வருகிறது. இரண்டு தண்ணீர் கேன் வாங்கும் காசு. கேன் வாங்க முடியாத வீடுகளும் உண்டு, அவர்களுக்குச் சலுகைக் கட்டணம் வைத்து வணிக இணைப்பில் கூட்டிக்கொள்ளலாம். இன்று பதிக்கிற குழாய் நம் பேரன்மாரின் காலத்திலும் உழைக்கும். அதற்கான முழுப் பணத்தையும் இன்றைக்கு வரி கட்டுகிறவனிடமே பிடுங்குவதுதான் அநியாயம்.

சின்ன ஊருக்கு யார் கடன் கொடுப்பார்கள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு வழிகாட்டியதே நம் மாநிலம்தானே! 2002-03-ல் 13 உள்ளாட்சிகளை ஒன்றாகச் சேர்த்து, குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்காக 30.41 கோடிக்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். 15 வருடம், 9.2 சதவீத வட்டி. தனித்தனியாகப் போயிருந்தால் பல ஊர்களுக்குச் சந்தைக் கதவே திறந்திருக்காது.

எனக்கு இருக்கிற பயம் வேறு. வசூலாகிற குடிநீர்க் கட்டணம் பொதுக் கணக்கில் கலந்தால் சம்பளத்துக்கும் தெருவிளக்குக்கும் போய்விடும். குழாய்க்கென்று தனிக் கணக்கு வேண்டும், நகர்மன்றமே நினைத்தாலும் தொட முடியாதபடி. புதைந்து கிடக்கும் குழாய்க்குக் கல்வெட்டு வைக்க முடியாது. ஆகவே அதற்குப் பணம் ஒதுக்க யாருக்கும் அவசரம் இருக்காது. கிருஷ்ணகிரி அணையில் 2017 நவம்பரில் மதகு ஒன்று உடைந்து தண்ணீர் பாய்ந்தபோது எப்படி ஓடினோம் என்று நினைவிருக்கிறதல்லவா? உடைந்த பிறகு பணம் எப்படியோ வந்துவிடுகிறது.

உன் பழைய வீட்டு விஷயம். குடித்தனக்காரர் தண்ணீர் வேகம் போதவில்லை என்று குழாயில் நேராக மோட்டார் மாட்டக் கேட்கிறாராம். சம்மதிக்காதே. சட்டப்படியும் தப்பு, கசியும் இடத்தில் சாக்கடை இருந்தால் மோட்டார் அதையும் சேர்த்து உறிஞ்சும். நானே போய்ப் பார்த்தேன், உங்கள் அப்பா போட்ட இரும்புக் குழாய் வாசல்படிக்கு அடியில் அரித்துப்போயிருக்கிறது. அந்தத் துண்டு உன் செலவு, நகராட்சியோ மத்திய அரசோ பாதி தராது. குழாய் வேலைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ சரியென்று எழுதினால் பொங்கல் கழிந்ததும் தோண்டச் சொல்கிறேன். பணத்தைத் தான் கொடுத்து வாடகையில் கழித்துக்கொள்ளக் குடித்தனக்காரரும் ஒப்புக்கொண்டார்.

அன்புடன்,
மாதேஷ்